நந்தன் நந்தனாகவே உள்ளே போக வேண்டும்

புரட்டாசி மாதம் ரோகிணி நட்சத்திரத்தன்று சிவன் கோவில்களில் திருநாளைப்போவார் நாயனாருக்குக் குருபூசை நடக்கும். அறுபத்து மூவர் வரிசையில் கைகூப்பி நிற்கும் அந்தச் சிலைக்கு அன்று எண்ணெய்க் காப்பு உண்டு, புது வேட்டி உண்டு, தீபாராதனை உண்டு. ஓதுவார் இருக்கும் கோவிலாக இருந்தால் பாட்டும் உண்டு. நந்தனாரைக் கும்பிடுவதில் யாருக்கும் தயக்கம் இல்லை. அவருடைய சாதிக்காரர்கள் சோமனூர் வட்டாரத்தில் ஊர்க்கோவில் சாட்டுக்கு வந்தால் மட்டும், எங்கே நிற்பது, எதுவரை வருவது என்ற பேச்சு பல ஊர்களில் இன்னும் எழுகிறது.

நந்தனாரின் கதையை நம்மில் பெரும்பாலோர் பாட்டாகவோ, படமாகவோ, பாடப் புத்தகத்தில் அரைப் பக்கமாகவோதான் அறிந்திருக்கிறோம். அதை மூலத்தில் ஒருமுறை படித்தால் வேறு ஒரு கதை தெரியும். பக்தி என்றால் என்ன என்பதற்கு அவர் வாழ்ந்து காட்டிய விடையும் தெரியும். மாணவர்களுக்காக அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோல் போகலாம், ஆள் போகக் கூடாது

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் திருநாளைப்போவாருக்கு 37 பாடல்கள் இருக்கின்றன. கொள்ளிடக் கரையில் உள்ள ஆதனூர் அவருடைய ஊர். ஊரின் வயல் வளத்தைப் பாடிவிட்டு, சேக்கிழார் நேரே புலைப்பாடிக்குள் வருகிறார். மருத மர நிழலில் சிறு தோலை விரித்து உழைக்கும் பெண் ஒருத்தி பிள்ளையைத் தூங்க வைக்கிறாள். மண்ணில் புதைத்த பானையின் நிழலில் கோழி அடைகாக்கிறது. மாமரத்தில் வாரால் இழுத்துக் கட்டிய பறைகள் தொங்குகின்றன. தென்னை மரத்தடியில் நாய் குட்டி போட்டிருக்கிறது. ஓர் அரசவைப் புலவர் சேரியை இவ்வளவு கண்கொண்டு பார்த்து எழுதியது தமிழ் இலக்கியத்தில் அரிது. அதற்காகச் சேக்கிழாரை நன்றியோடுதான் படிக்கிறேன்.

அந்தச் சேரியில் பிறந்த நந்தனார் செய்த தொண்டு என்ன? கோவில் பேரிகைகளுக்குப் போர்க்கத் தோல் கொடுத்தார், கட்ட வார் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். பூசைக்குக் கோரோசனை கொடுத்தார். இத்தனையும் கோவிலுக்குள் போயின. நந்தனார் வாசலிலேயே நின்றார்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. கிணற்றில் கவலை இறைத்த காலத்தில், சாலுக்கு வேண்டிய தோலையும் வாரையும் தைத்துக் கொடுத்தது அருந்ததியர் வீட்டுக் கைகள்தான். அந்தத் தோல் வழியாக ஏறிய தண்ணீர்தான் தோட்டத்தில் பாய்ந்தது. அதையேதான் பண்ணையத்து வீட்டிலும் குடித்தார்கள். தைத்துக் கொடுத்தவர் மட்டும் கிணற்று மேட்டில் ஏற முடியவில்லை. நந்தனாரின் கதையை எந்த உரையும் இல்லாமல் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் நம் வட்டாரத்து அருந்ததியப் பெரியவர்கள்.

இது பழங்கதை என்று யாராவது சொன்னால், 2018ஐ நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. அவிநாசி வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தகராறு செய்தார்கள். அதே திருப்பூர் வட்டாரத்தில், எந்தச் சாதிக் கை தைத்தது என்று கேட்காமல் எல்லோரும் பனியன் போடுகிறோம். உடம்போடு ஒட்டிக் கிடக்கும் துணிக்குத் தீட்டு இல்லை, தட்டில் விழும் சோற்றுக்குத் தீட்டு. உழைப்பை வாங்கிக்கொண்டு உழைத்தவரை வெளியே நிறுத்தும் அதே ஏற்பாடு, ஆதனூரிலிருந்து அவிநாசி வரை மாறாமல் வந்திருக்கிறது.

நெருப்பு எப்போது வந்தது?

நந்தனார் தில்லையில் நெருப்பில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்து, கோவிலுக்குள் போய் மறைந்தார் என்பதுதான் எல்லோரும் அறிந்த முடிவு. ஆனால் இந்த முடிவு கதையில் எப்போது சேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

அவரை முதலில் குறிப்பிட்டவர் சுந்தரர். 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகப் பலரும் கருதும் சுந்தரர், திருத்தொண்டத் தொகையில் நாளைப்போவாரைச் 'செம்மை' என்ற ஒரே அடைமொழியோடு வணங்கிவிட்டுப் போகிறார். சாதி சொல்லவில்லை. நெருப்பும் இல்லை. அடுத்து வந்த நம்பியாண்டார் நம்பி, திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரே பாட்டில் ஆதனூரையும் தில்லையையும் சொல்கிறார். புலைத்தன்மை நீங்கி முனிவர் ஆனார், தில்லை மூவாயிரவர் கைகூப்பினார்கள் என்கிறார். அங்கேயும் நெருப்பு இல்லை. சேக்கிழாரிடம் வரும்போதுதான் வேள்வித் தீ வளர்கிறது. இறைவன் நந்தனாரின் கனவிலும் அந்தணர்களின் கனவிலும் வந்து தீயில் மூழ்கி வரச் சொல்கிறான். தெற்கு வாசலுக்கு வெளியே தீ மூட்டப்படுகிறது.

முதலில் ஒரு பெயர், பிறகு ஒரு சாதி, அதற்கும் பிறகு ஒரு நெருப்பு. சில நூற்றாண்டுகளுக்குள், வணங்கப்பட்ட அடியார் ஒருவர் தூய்மைப்படுத்தப்பட வேண்டியவர் ஆகிவிட்டார்.

நந்தனார் உண்மையில் எரித்துக் கொல்லப்பட்டார் என்று பகுத்தறிவாளர்களும் தலித் எழுத்தாளர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகமும் அந்தப் பக்கம்தான் போகிறது. அயோத்திதாசப் பண்டிதர், நந்தன் ஒரு பௌத்த அரசன் என்று வேறொரு கதையையே சொன்னார். இந்த விவாதங்கள் நடக்கட்டும். சேக்கிழார் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் என் கேள்வி மாறாது. நந்தியை ஒதுங்கச் சொன்ன கடவுள், வாசலை ஏன் திறக்கச் சொல்லவில்லை?

திருப்புன்கூரில் நடந்தது அதுதானே. வாசலில் நின்ற நந்தனார் சுவாமியை நேரே பார்க்க விரும்பினார். கல் நந்தி மறைத்தது. சிவன் நந்தியை விலகச் சொன்னான். வைத்தீஸ்வரன்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிவலோகநாதர் கோவிலில், நந்தி ஒரு பக்கமாக விலகியிருப்பதை இன்றும் பார்க்கலாம். திருப்புன்கூரில் தடை விலகியது, பக்தன் அப்படியே இருந்தான். தில்லையில் தடை அப்படியே இருந்தது, பக்தன் மாற வேண்டியிருந்தது. ஒரே புராணத்துக்குள் இரண்டு நீதி. எந்த ஊரின் நீதியை நாம் எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்பதுதான் பக்தர்களுக்கு முன்னால் இருக்கும் கேள்வி.

அவிநாசியும் தில்லையும்

நமக்கு மிக அருகில் உள்ள பாடல் பெற்ற தலம் அவிநாசி, பழைய திருப்புக்கொளியூர். முதலை உண்ட பாலகனைச் சுந்தரர் மீட்ட கதை இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். குளத்தில் குளிக்கப் போன இரண்டு பிராமணச் சிறுவர்களில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்த பையனுக்கு ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம். எதிர் வீட்டில் பிள்ளையை இழந்தவர்களின் அழுகை. அதைக் கேட்ட சுந்தரர் பாட, முதலை வந்து பிள்ளையை உமிழ்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு பிள்ளை கரையேறினான்.

இந்தக் கதையை நந்தனார் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாளைப்போவாரை முதலில் வணங்கிய அதே சுந்தரர்தான் இங்கே பாடுகிறார். இங்கே பக்தி, போன உடம்பைத் தாய் தகப்பனிடம் திருப்பிக் கொடுத்தது. அங்கே பக்தி, இருந்த உடம்பை நெருப்பில் போடச் சொன்னது. ஆதனூரில் நந்தனாருக்கும் உறவும் அக்கம்பக்கமும் இருந்திருக்கும். அவர்களிடம் யாரும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

படிப்பு வட்டம் ஒன்றில் இதைப் பேசியபோது, பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி கேட்டாள்: "அவரு உள்ள போனாருன்னு சொல்றீங்க, சரிங்க. அடுத்த நாளு திரும்பிக் கும்பிட வந்தாருங்களா?" பல உரைகளைப் படித்த என்னை அந்தக் கேள்வி யோசிக்க வைத்தது. நந்தனார் மறுநாள் வரவில்லை. உள்ளே போனவர் மறைந்துபோனார். திருவரங்கத்தில் பாணர் குலத்துத் திருப்பாணாழ்வாரும் பெருமாளோடு கலந்து மறைந்தார் என்றுதான் கதை முடிகிறது. மராட்டியத்தில் மகார் சாதியில் பிறந்த சோகாமேளாவின் சமாதி, பண்டரிபுரம் விட்டலன் கோவிலின் படிக்கட்டோடு நின்றுவிட்டது. உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து சேரிக்குத் திரும்பி, மறுநாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரும் தலித் அடியாரை நம் புராணங்கள் படைக்கவில்லை. ஒருவர் மறைந்துபோனால் ஊர் வழக்கம் மாற வேண்டியதில்லை. நாலு பேராகத் திரும்பி வந்தால் மாறித்தான் ஆக வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட தீண்டப்படாதோர் பற்றிய தம் நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா ஆகிய மூவரின் நினைவுக்குத்தான் காணிக்கையாக்கினார். சாதியை ஒழிக்க வந்தவர் இந்தப் பக்தர்களை ஒதுக்கித் தள்ளவில்லை. அவர்களுடைய குணத்தை மதித்துக்கொண்டே, அவர்களை வாசலில் நிறுத்திய ஏற்பாட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினார். நமக்கும் அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

பறைத்துடவையும் பண்ணையாளும்

இன்னொரு செய்தியும் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. பெரிய புராணத்து நந்தனாருக்கு நிலம் உண்டு. பறைத் தொழிலுக்காக ஊர் விட்ட பறைத்துடவைதான் அவருக்குச் சோறு போட்டது. அவருக்கு ஆண்டை கிடையாது. தில்லைக்குப் போக யாரிடமும் அவர் அனுமதி கேட்கவில்லை.

அனுமதி கேட்டு நிற்கும் நந்தனார், கோபாலகிருஷ்ண பாரதியார் படைத்தவர். 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில்தான் வேதியர் என்ற நிலக்கிழார் வருகிறார். நந்தன் அவருடைய பண்ணையாள் ஆகிறான். வயல் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை; தெய்வ அருளால் ஒரே இரவில் பயிர் விளைகிறது. பாரதியார் தம் கண்முன் கண்ட தஞ்சைப் பண்ணையடிமை வாழ்க்கையைத்தான் கதைக்குள் கொண்டுவந்தார். அந்த வகையில் அது ஒரு காலத்தின் உண்மையான பதிவு. கதாகாலட்சேபம் வழியாகவும், 1935இல் நம் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படம் வழியாகவும், 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினி படம் வழியாகவும் இந்த நந்தன்தான் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தான்.

அதனால் நேர்ந்த ஒரு கேட்டையும் சொல்ல வேண்டும். கெஞ்சுவதும் பொறுப்பதும் அழுவதும்தான் தலித்தின் பக்தி என்று ஆகிவிட்டது. ஆண்டை மனம் வைத்தால் விடிவு என்ற பாடம் பதிந்துவிட்டது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், ஒடுக்கப்பட்டோரின் நிலைக்கு நிலமின்மையே வேர் என்று அறிக்கை எழுதி, அடுத்த ஆண்டே பஞ்சமி நிலத் திட்டம் வந்தது. ஆட்சியாளருக்குப் புரிந்த அந்த நிலப் பிரச்சினை, மேடையில் நந்தன் கதை கேட்டுக் கண்ணீர் விட்டவர்களுக்குப் புரியவில்லை. ஒரே இரவில் பயிர் விளைந்த அதிசயத்தை வியந்தார்கள். விளைந்த பயிர் யாருடையது என்று கேட்கவில்லை.

நாளை என்ற சொல்

'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு நாளைப்போவார் என்று பெயர் வந்தது. போக வேண்டும் என்ற ஆசையும், போனால் என்ன நடக்கும் என்ற அச்சமும் சேர்ந்த சொல் அது. ஆனால் அவர் நாளை என்றே இருந்துவிடவில்லை. ஒருநாள் கிளம்பினார். தில்லை எல்லையை இரவும் பகலும் சுற்றிச் சுற்றி வந்தார். எதிர்த்துப் பேசத் தெரியாத சாதுவாக அவரைக் காட்டுகிறார்கள். ஊரைவிட்டுக் கிளம்பியதே ஒரு பேச்சுதான். திருப்புன்கூரில் குளம் வெட்டியதும் ஒரு பேச்சுதான்: கோவிலுக்கு நான் வெளியாள் இல்லை, இந்த இடத்தில் என் வேர்வை இருக்கிறது என்ற பேச்சு.

நந்தனாரின் பக்தியில் மூன்று படிகளைப் பார்க்கிறேன். தன் தொழிலையே தொண்டாக்கினார்; அதைத் தாழ்வாக நினைக்கவில்லை. நேரே பார்க்க வேண்டும் என்று கேட்டார். எட்ட நின்று கும்பிட்டது போதும் என்று அடங்கவில்லை. கடைசியில் கிளம்பிப் போனார். அன்பு என்றால் அருகில் போக விரும்புவது. அந்த விருப்பத்தை மதிக்காமல், அவருடைய பொறுமையை மட்டும் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அவர் வழியில் கிளம்பியவர்கள் வரலாற்றில் பலர். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசர் கோவில் நுழைவுரிமை கேட்டார். உங்களுக்கென்று சிறு தெய்வங்கள் உண்டே என்று பதில் வந்தது. ஆரணி பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த சுவாமி சகஜானந்தர், 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரிலேயே பள்ளி தொடங்கினார். நந்தன் மறைந்த ஊரில், நந்தனின் பிள்ளைகள் புத்தகத்தோடு நடமாடினார்கள். அன்று நெருப்பு கேட்ட ஊருக்கு அவர் எழுத்தால் பதில் சொன்னார். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் கக்கன் உள்ளிட்டோர் வைத்தியநாத ஐயரோடு நுழைந்தார்கள். 1947இல் சென்னை மாகாணக் கோவில் நுழைவுச் சட்டம் வந்தது. 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பல சாதியினர், தலித்துகள் உட்பட, அரசால் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டார்கள். பூணூல் போட்ட முனிவராக மாறாமலேயே கருவறைக்குள் போகலாம் என்று சட்டம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

ஊர் வரவில்லை. 2023 ஜனவரியில் திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில், அறநிலையத் துறைக் கோவில் ஒன்றுக்குள் தலித் மக்கள் முதன்முறையாகப் போக, மாவட்ட நிர்வாகமும் போலீஸும் கூட வர வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோவிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் வருவாய்த் துறை கோவிலுக்கே சீல் வைத்தது.

நம் ஊர்ச் சாட்டில்

நம் வட்டாரத்தில் வாசலில் யாரும் தடி பிடித்து நிற்பதில்லை. இங்கே ஒதுக்குவது நாசூக்காக நடக்கிறது. சாட்டு போட்டதும் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். சேரித் தெருவில் மட்டும் வரி வாங்க மாட்டார்கள். பணம் மிச்சம்தானே என்று தோன்றலாம். வரி கொடுத்தவனுக்குத்தான் கோவிலில் பேச உரிமை, கூட்டத்தில் உட்கார உரிமை. வரி வாங்காமல் விட்டால், கோவில் உனக்குப் பொது இல்லை என்று வாய் திறக்காமலே சொன்னதாக ஆகிறது. ஆனால் கம்பம் ஆட மேளம் வேண்டும், அடிக்க ஆள் வேண்டும். மறுபடியும் அதே ஆதனூர்க் கணக்கு: பறை உள்ளே, பறையடித்தவர் வெளியே.

கேட்டால், தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் போடுவார்கள். 'இந்த வருசம் சாட்டு நல்லபடியா முடியட்டும், அடுத்த வருசம் பாத்துக்கலாம்' என்று முடிப்பார்கள். நந்தனார் தன் அச்சத்தால் சொன்ன 'நாளை'யை, இப்போது அதிகாரிகள் அவர் வாயிலிருந்து பிடுங்கித் தாங்கள் சொல்கிறார்கள்.

இரண்டு எதிர்ப்புகள் வரும். கோவிலுக்குப் போய் என்ன கிடைக்கப் போகிறது, படிப்பையும் வேலையையும் பார் என்பார்கள் நம் ஆட்களிலேயே சிலர். போவதும் போகாததும் அவரவர் விருப்பம். சாமி இல்லை என்பவருக்கும் உரிமை உண்டு என்பதுதான் விசயம். கோவிலில் நிற்கும் இடம்தான் ஊர்க் கிணற்றிலும், டீக்கடையிலும், தறிக்குடோன் முதலாளியிடம் கூலி பேசும் இடத்திலும், திருப்பூரில் வாடகை வீடு கேட்கும்போது 'நீங்க என்ன ஆளுங்க?' என்ற கேள்வியிலும் திரும்ப வருகிறது.

புராணத்தைக் குறை சொல்லிப் பக்தர்கள் மனதைப் புண்படுத்தலாமா என்பார்கள் இன்னொரு பக்கத்தார். உண்மையான சைவர்களிடம்தான் நான் பேசுகிறேன். அடியாருக்குச் சாதி இல்லை என்பது உங்கள் சமயம் சொன்னது. குருபூசையன்று நந்தனாரின் காலில் விழுகிறீர்கள். உங்கள் ஊர்ச் சேரியில் போய், 'வாங்க, சேர்ந்து கும்பிடலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வார்த்தைக்கு நந்தி விலகியதைவிடப் பெரிய மதிப்பு உண்டு.

சொல்லாவிட்டால் சட்டம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்து இருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், பொது வழிபாட்டிடத்தில் நுழையவிடாமல் தடுப்பதையும், பொதுத் திருவிழா ஊர்வலத்தில் கலந்துகொள்ள விடாமல் தடுப்பதையும் குற்றமாகத் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் ஊர்க்கோவில் அறநிலையத் துறையைச் சேர்ந்ததா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். சாட்டுக்கு ஒரு மாதம் முன்பே வரி கொடுக்க முன்வந்து, மறுத்தால் அதைக் கோட்டாட்சியருக்கும் அறநிலையத் துறை உதவி ஆணையருக்கும் எழுத்தில் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். தனியாகப் போகாதீர்கள். நந்தனார் தனியாகப் போனார் என்பதும் அவர் கதை நமக்குத் தரும் பாடம்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை. நூலகத்தில் பெரிய புராணம் இருக்கும். அந்த 37 பாடல்களை உரையோடு படித்துவிட்டு, உங்கள் தாத்தா பாட்டியிடம் உங்கள் ஊர்க்கோவில் கதையைக் கேட்டு எழுதுங்கள். யார் தோல் கொடுத்தார், யார் குளம் வெட்டினார், யார் எங்கே நின்றார் என்று எழுதுங்கள். சேக்கிழார் ஒருமுறை சேரிக்குள் வந்து பார்த்து எழுதினார். மிச்சத்தைச் சேரியில் பிறந்தவர்கள்தான் எழுத வேண்டும்.